மஞ்சள் போர்டுக்கு வந்த கதை

ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்தில் படகுக்குப் போகிற பையன்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, டாக்ஸி ஓட்டினா தேறுமா?" வண்டியில் ஆள் இருக்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நான் வந்த வழியை எழுதிவிடுகிறேன். லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) என்று எல்லோரும் பயப்படுகிற பேப்பர் வேலை இதில் சின்னப் பங்குதான். போன வண்டி காலியாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாள் பிடித்தது.

நான் விசைப்படகில் பங்குக்குப் போனவன். ராமேஸ்வரம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது போகக் காற்று பலமாக அடித்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. படகுகள் இலங்கைப் பக்கம் பிடிபட்டால் இங்கே வேலைநிறுத்தம். கடலில் இருக்கும் நாளைவிடக் கரையில் உட்கார்ந்திருக்கும் நாள் அதிகமாகிவிட்டது. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

பைக் லைசென்ஸ் இருந்தாலும் காருக்குத் தனியாக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட வேண்டும். அது கைக்கு வந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும், அதற்குள் போய்விட வேண்டும். ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், அதிகம் பேசவில்லை. கிளம்புவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கிறேனா, ஓடும்போது கிளட்ச் மேலேயே காலை வைத்திருக்கிறேனா, இந்த இரண்டில்தான் அவர் கண் இருந்தது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவ்வளவுதான்.

பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டத் தனியாக வாங்குகிற அனுமதி) விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பழைய டிரைவர்கள் எல்லோரும் "பேட்ஜ் இல்லாம டி-போர்டு தொடக் கூடாதுடா" என்றுதான் சொல்வார்கள். டி-போர்டு என்றால் மஞ்சள் போர்டு மாட்டிய வாடகை வண்டி. ஒரு காலத்தில் அது சரிதான். இப்போது 7,500 கிலோவுக்கு உட்பட்ட எடையுள்ள வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே வாடகைக்கு ஓட்டலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபடி கேள்வி எழும்பி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. இந்த வழக்கு நடந்ததே இன்சூரன்ஸ் பணத்துக்காகத்தான். டிரைவரிடம் பேட்ஜ் இல்லை என்று காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனிகள் விபத்து இழப்பீட்டைத் தட்டிக் கழித்தன. ரோட்டில் யாராவது பேட்ஜ் கேட்டால் மரியாதையாக இதைச் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

லைசென்ஸ் வந்ததும் கார் வாங்க ஓடாதீர்கள். ஆக்டிங் போங்கள். வேறொருவர் வண்டி, வேறொருவர் டீசல், நமக்கு பேட்டா (ஓட்டுகிற கூலி). தொழில் என்னவென்று தெரிவது அங்கேதான். எனக்கு ஆக்டிங் கொடுத்தவர் உச்சிப்புளிக்காரர், அந்தக் காலத்து ஆள். 2017-இல் தனுஷ்கோடி கடைசியில் இருக்கிற அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தில் காரை நிறுத்திவிட்டு, வேனில் ஆளை ஏற்றி மணலில் அனுப்பிய கதையெல்லாம் சொல்வார். அவர் எனக்குக் கொடுத்த முதல் சாமான் நான்கு பழைய துண்டும் ஒரு ரெக்சின் விரிப்பும்.

எதற்கு என்று முதல் சவாரியிலேயே தெரிந்துவிட்டது. வடநாட்டுக் குடும்பம் ஒன்று அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிறது. வேட்டி, சேலையெல்லாம் ஈரம். "பையா, ஜல்தி லாட்ஜ் சலோ." சீக்கிரம் லாட்ஜுக்குப் போகச் சொல்கிறார்கள். கடல் தண்ணீர் சீட்டு நுரைக்குள் இறங்கினால் காய்வதற்குள் நாற ஆரம்பித்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்புச் சட்டமும் துருப்பிடித்துக்கொள்ளும். முகம் சுளிக்காமல் விரிப்பைப் போட்டு, துண்டைக் கையில் கொடுத்தால், அவர்களே மறுநாள் தனுஷ்கோடிக்கும் நம்மையே கூப்பிடுவார்கள். இந்தி பெரிதாக வேண்டாம். விலை, நேரம், சாப்பாடு, பாத்ரூம், இந்த நான்குக்கும் சொல் தெரிந்தால் ஓட்டிவிடலாம்.

இன்னொன்று பாம்பன் ரோட்டுப் பாலம். ஏறியதும் எல்லோரும் நிறுத்தச் சொல்வார்கள், ரயில் பாலத்தோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று. அங்கே நிறுத்தக் கூடாது, போலீஸ் பிடித்தால் அபராதம் நம் தலையில். முடியாது என்று வெட்டிச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுருங்கும். அதனால் பாலத்துக்கு முன்னால் மண்டபத்திலேயே சொல்லிவிடுவேன்: "பாலத்துல மெதுவாப் போறேன், கண்ணாடிய இறக்கி எடுத்துக்குங்க." தனுஷ்கோடிக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பகலிலேயே சந்தேகம்தான். கிளம்புவதற்கு முன் யாரிடமாவது போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் சொந்தமாக வண்டி எடுத்த காலம் கொஞ்சம் விசேஷமானது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் வர வேண்டிய ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. பெட்டியும் பையுமாக இறங்குகிற கூட்டம் எப்படியாவது தீவுக்குள் வந்தாக வேண்டும். பஸ், ஆட்டோ, டாக்ஸி எல்லாவற்றுக்கும் வேலை. ஆக்டிங் டிரைவர் கிடைக்காமல் முதலாளிகள் போன் மேல் போன் போட்ட நாட்கள் அவை. அந்தத் தைரியத்தில்தான் பழைய டி-போர்டு வண்டி ஒன்று தேட ஆரம்பித்தேன்.

ஊருக்குள்ளேயே ஒரு டொயோட்டா எட்டியோஸ் டீசல் கார் விலைக்கு வந்தது. பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. நம்ம மெக்கானிக் அண்ணன் இன்ஜினைத் திறக்கவே இல்லை. கால் மிதியடியைத் தூக்கினார், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே கையை விட்டார். அப்புறம் குனிந்து, ஜாக்கி வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் 'பொத்' என்று அமுங்கியது. அங்கே மறுபடி தட்டினார். கறுப்புப் பெயின்ட் பெயர்ந்து, உள்ளேயிருந்து செங்கல் பொடி நிறத்தில் துரு கொட்டியது. "தம்பி, இது தீவு உப்புக் காத்துலயே பிறந்து வளர்ந்த வண்டி. மதுரைப் பக்கம் பாரு" என்றார். கடைசியில் மதுரையில்தான் எடுத்தேன். கிலோமீட்டர் கூடுதலாக ஓடிய வண்டிதான், ஆனால் அடித்தட்டு சுத்தம்.

பழைய வண்டியில் பேப்பர்தான் பாதி விலை. பெயர் மாற்றுகிற ஃபாரம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்து வாங்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் ஃபாரம் 35-ம் ஃபைனான்ஸ்காரர்களின் என்.ஓ.சி.யும் இல்லாமல் எச்.பி. (ஆர்.சி.யில் இருக்கிற கடன் பதிவு) கேன்சல் ஆகாது. வரி பாக்கி, ஆன்லைன் சலான் (அபராதம்) பாக்கி இரண்டையும் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பார்த்துவிடலாம். எனக்கு விற்ற புரோக்கர் "சலான் ஒண்ணுமில்ல" என்றுதான் சத்தியம் பண்ணினார். பார்த்தால் நீளமாக ஒரு பட்டியல். அதை விலையில் கழித்துக்கொண்டேன். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டி-போர்டு இன்சூரன்ஸ் வெள்ளை போர்டு சொந்த உபயோக வண்டியைவிட அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெர்மிட்டும் தனியாக நம் பெயருக்கு மாற வேண்டும், ஆர்.சி. மாறினால் மட்டும் போதாது. எஃப்.சி.யைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லைட், ஹாரன், வைப்பர், டயர், முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு பகலில் முடிகிற வேலை.

எனக்குப் பெரிய மலையாக இருந்தது ஸ்டாண்டுதான். எந்த ஆபீசிலும் இதற்கு ஃபாரம் கிடையாது. ஸ்டாண்டில் வண்டி போட வேண்டுமென்றால் சங்கத்தில் சேர வேண்டும். சேர ஒரு தொகை, மாதச் சந்தா, அதற்கு மேல் இரண்டு பேர் நமக்காகச் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும் ஒரு பெரியவர் கேட்டார்:

"எந்த ஊருப்பா?"

"தங்கச்சிமடம்ணே."

"கடலுக்குப் போறவனா? தடைக்காலம் முடிஞ்சதும் வண்டிய நிறுத்திட்டுப் படகேறிருவியே. அப்புறம் ஒன் முறைய யாரு ஓட்றது?"

கேள்வி நியாயமானது. முறை என்பது ஸ்டாண்டில் சட்டம். வரிசையில் முதல் வண்டிக்குத்தான் அடுத்த சவாரி, அது பக்கத்து லாட்ஜுக்குப் போகிற நூறு ரூபாய்ச் சவாரியாக இருந்தாலும், மதுரை ஏர்போர்ட்டாக இருந்தாலும். உச்சிப்புளி முதலாளியும் இன்னொருவரும் எனக்காகப் பேசினார்கள். சேர்த்துக்கொண்டார்கள். முதல் மாதங்களில் விடியற்காலை முறை எனக்கு. யாருக்கும் பிடிக்காத நேரம், ஆனால் ரயிலுக்கும் ஏர்போர்ட்டுக்கும் கிளம்புகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள் என்பதால் நான் மாற்றிக் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள். ரயில் நேராக ராமேஸ்வரம் வந்துவிட்டது. ஊருக்கு நல்லது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மண்டபம் சவாரி அன்றோடு போய்விட்டது. வண்டிக் கடன் டியூ மட்டும் மாதா மாதம் நின்றபாடில்லை. உள்ளூர் சவாரியை மட்டும் நம்பியிருந்த ஒன்றிரண்டு பேர் வண்டியை விற்றுவிட்டார்கள். நான் அப்போதுதான் காலித் திரும்புதல் கணக்கை உட்கார்ந்து பார்த்தேன்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். வழியில் போகலூர், திருப்பாச்சேத்தி டோல்கேட். ஒரு டிராப் போய்விட்டுக் காலியாக வந்தால் டீசலும் டோலும் வாடகையில் பாதியைத் தின்றுவிடும். அதற்குத்தான் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்புகள். "நாளை காலை மதுரை டு ராமேஸ்வரம் எம்டி, செடான்" என்று, அதாவது வண்டி காலியாக வருகிறது என்று, ஒரு வரி போட்டால், அங்கிருந்து ஆள் அனுப்புகிற டிராவல்ஸ்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டு சவாரி தருவார். வாடகை குறைவாகத்தான் வரும். குறைந்தாலும் எம்டியைவிட மேல். மதுரையில் இரண்டு டிராவல்ஸ்காரர்களின் பழக்கம் கிடைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது, சொன்ன வாடகைக்கு மேல் வாடிக்கையாளரிடம் கை நீட்டாமல் இருப்பது, அவர்கள் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

கீழக்கரைச் சவாரியையும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற வீடுகள் அங்கே அதிகம். திருச்சி, மதுரை, சென்னை ஏர்போர்ட் என்று வருஷம் முழுக்க ஓட்டம் இருக்கும். அமாவாசையும் லீவும் பார்க்காது. மேலே கேரியரும் நல்ல கயிறும் இருந்தால் போதும். ஒருமுறை ஒழுங்காகக் கூட்டி வந்தால் அடுத்த விடுமுறைக்குத் துபாயிலிருந்தே மெசேஜ் வரும்: "மச்சான், பதினெட்டாம் தேதி காலைல திருச்சி."

தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் டாக்ஸிக்காரனுக்குக் கொள்ளை வருமானம் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு வருகிற கூட்டம் பஸ்ஸிலும் வேனிலும் வருகிற கூட்டம். ஊருக்குள் வண்டி நகராது, பாதி ரோட்டை அடைத்திருப்பார்கள். ஒரே சவாரியில் அரை நாள் போய்விடும். அதற்கு முந்தைய நாளும் மறுநாளும்தான் நமக்கு. அமாவாசையன்று நான் திருப்புல்லாணி, சேதுக்கரை, உத்தரகோசமங்கைப் பக்கம் சவாரி ஒத்துக்கொள்வேன், இல்லையென்றால் வண்டியைச் சர்வீசுக்கு விடுவேன்.

சர்வீஸ் என்றதும் உப்பு ஞாபகம் வருகிறது. கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் அரிச்சல்முனை ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும், அதில் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக் கூடாது. திரும்பி வரும்போது முன் கண்ணாடி மங்கலாக இருக்கும். உடனே வைப்பரைப் போடாதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். தனுஷ்கோடி போன அன்றைக்கே வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் விலைதான், வெல்டிங் அதைவிட விலை.

வெள்ளை போர்டு கார்களை வாடகைக்கு ஓட்டுகிறார்கள் என்கிற சண்டை ஸ்டாண்டில் தினமும் நடக்கும். வரி, பெர்மிட், கூடுதல் இன்சூரன்ஸ் எல்லாம் கட்டுகிறவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வரும். ஆனால் படகிலிருந்து இறங்கி வருகிற தம்பிகள், செலவு மிச்சம் என்று அந்தப் பக்கம் போக வேண்டாம். வெள்ளை போர்டில் வாடகைக்கு ஆளை ஏற்றிப் போய் ஒரு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுக்க அது ஒன்றே போதும். ஆக்டிங் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். டெஸ்ட் முடிந்து லைசென்ஸ் கையில் இருந்தால் ஸ்டாண்டில் பேசிவிடுகிறேன். விடியற்காலை முறைக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது.