லாரி மோதிய பிறகு நாங்கள் செய்தவை

மலேசியாவில், காலைப் பணிக்கு ஈப்போ நகரத்தின் பக்கம் காரை ஓட்டிப் போய்க்கொண்டிருந்தேன். வலப்புறத் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நிற்காமல் பெரிய சாலையில் ஏறி, என் பக்கத்துக் கதவில் மோதியது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வலது மணிக்கட்டும் வீங்கியது. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இப்படி அடிபட்டவர்கள் நிறைய பேர். அவர்களில் பலர் சேர வேண்டிய இழப்பீட்டைக் கேட்காமலேயே நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர்கள். அதனால்தான் நாங்கள் கடந்து வந்ததை எழுதுகிறேன்.

யாரோ 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வந்தது. என்னை ஏற்றிய பிறகு என் தம்பி அங்கேயே நின்று படம் எடுத்தான். நொறுங்கிய காரை மட்டும் அவன் எடுக்கவில்லை. செம்மண் பாதையிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறிய டயர் தடம், சிதறிக் கிடந்த பழங்கள், இரண்டு வண்டிகளின் எண் பலகைகள், லாரியின் கதவில் எழுதியிருந்த நிறுவனப் பெயர், எல்லாவற்றையும் எடுத்தான். மத்தியானம் பெய்த மழையில் அந்தத் தடம் போய்விட்டது. பின்னாளில் லாரியின் காப்புறுதி நிறுவனத் தரப்பு, நான் வேகமாக வந்தேன் என்று பழியில் ஒரு பங்கை என் மேல் போடப் பார்த்தபோது, எனக்காகப் பேசியவை அந்தப் படங்களும் விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த வரைபடமும்தான்.

விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். நான் படுக்கையில் இருந்ததால் கணவர் அன்றைக்கே நிலையத்துக்குப் போய்த் தகவலைப் பதிவு செய்தார். என் வாக்குமூலத்தைப் பிறகு நானே கொடுத்தேன். அது மலாயில் எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத வரியை நிறுத்தி விளக்கம் கேளுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும். வேகம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று ஊகித்துச் சொல்ல வேண்டாம், ஏனென்றால் பின்னால் நீதிமன்றத்தில் நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அந்தக் காகிதத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மருத்துவமனையில் எல்லோருடைய கவனமும் கால் மேல் இருந்தது. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்காக இருக்கலாம் என்றார்கள். ஆனால் கட்டைவிரலின் அடியில் அழுத்தினால் உயிர் போகிற வலி. வார்டுக்கு வந்த ஒவ்வொரு டாக்டரிடமும் அதைச் சொன்னேன். குறிப்பில் எழுதச் சொல்லியும் கேட்டுக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து மறுபடியும் எடுத்த எக்ஸ்ரேயில் அங்கே இருக்கும் ஒரு சின்ன எலும்பில் கீறல் தெரிந்தது. அந்த எலும்பின் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது சகஜம் என்று எலும்பு நிபுணர் விளக்கினார். முதல் நாளிலிருந்தே வலி குறிப்பில் ஏறியிருந்ததால், அதுவும் இந்த விபத்தில் வந்ததுதான் என்று காட்ட முடிந்தது. மாலை நேரத்தில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான். காலைவிட அந்தக் கைதான் எனக்குப் பெரிய இழப்பு. ஆகவே சொல்கிறேன்: எந்த வலியையும் சின்னதென்று விட்டுவிடாதீர்கள், டாக்டர் எழுதுகிறவரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

நான் வார்டில் இருந்தபோதே லாரிக்காரர் தரப்பிலிருந்து ஒருவர் ஓர் உறையோடு வந்தார். ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), கூடவே மலாயில் ஒரு கடிதம். "நம்ம பையன்தான் ஓட்டினான், பிள்ளைகுட்டிக்காரன், பெரிசு பண்ணாதேம்மா" என்றார். கூட வந்தவர் என் மாமியாருக்குத் தூரத்து உறவு. எங்கள் ஊரில் இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மனம் இளகிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கணவர் கடிதத்தைப் படித்துப் பார்த்தார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. உறையைப் பணிவோடு திருப்பிக் கொடுத்தார். அந்த ஓட்டுநர் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. மற்றவருக்கு உடல் காயம் ஏற்பட்டால் இழப்பீடு கொடுக்கத்தான் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பணம் ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை. இதை உறவுக்காரர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னோம். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்தது சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டால் அது வேலை விபத்தாகவே கருதப்படும். சொந்த வேலையாக வழிமாறிப் போயிருந்தால் சிக்கல். நான் வேலை செய்த இடத்தில், "சாலை விபத்துதானே, தொழிற்சாலைக்குள் நடக்கவில்லையே" என்று சொக்சோ படிவத்தை நிரப்பத் தயங்கினார்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கணவர் அதை எழுத்தில் கேட்ட பிறகே காரியம் நடந்தது. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வீட்டு வாடகை நின்றுபோகாமல் இருந்தது அதனால்தான். எலும்பு கூடியபின் மீதியிருக்கும் ஊனத்துக்குத் தனியாக மருத்துவக் குழு முன் போக வேண்டும். மோதியவர் வெளியாள் என்றால், சொக்சோவில் வாங்கியதற்காக லாரியின் காப்புறுதி மீது வழக்குப் போடும் உரிமை போய்விடாது. இரண்டில் ஒன்றுதான் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

வழக்கறிஞர் பிடித்துத் தருகிறேன் என்று இழுவை வண்டிக்காரர் முதல் வார்டு வாசலில் நிற்கும் ஆள் வரை வருவார்கள். கிடைப்பதில் இத்தனை விழுக்காடு என்று பேரம் பேசி வழக்கை எடுப்பதை 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. நாங்கள் யாரிடமும் கையெழுத்துப் போடாமல் காத்திருந்து, வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் பெயரைச் சரிபார்த்துவிட்டு, ஈப்போவில் ஒருவரை நேரில் பார்த்தோம். போலீஸ் புகார், வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை அவர் வரவழைத்தார். சம்பளச் சீட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையும் கேட்டார். தையல் வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்றார். அளவும் பெயரும் வாங்கிய பணமும் எழுதி வைத்திருந்த என் தையல் நோட்டை எடுத்து வைத்தேன். மருந்து, ஊன்றுகோல், உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய்வந்த கார் வாடகை எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டிப் போன நாள்களுக்கும் அவரிடம் துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தோம்.

வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. மோதியது அரசாங்க வண்டி என்றால் 36 மாதம் மட்டுமே. எலும்பு கூடி, எது மீளும் எது மீளாது என்று டாக்டர் சொல்லும் வரை தொகை பேசவே கூடாது என்றார் வழக்கறிஞர். காப்புறுதித் தரப்பு முதலில் சொன்ன தொகையை ஏற்கவில்லை. விசாரணைக்கு முன்பே பேசி முடிந்தது. எங்களுக்கு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வரிவரியாகக் கணக்கை எழுத்தில் வாங்கிய பிறகே கடைசிக் காகிதத்தில் கையெழுத்திட்டேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் அக்காள் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் கார் மோதி இடுப்பு ஒடிந்தவர், என் கதையைக் கேட்டுவிட்டுத் தன் பழைய புகார்ச் சீட்டைத் தேடி எடுத்து வந்தார். தேதியைப் பார்த்தோம். ஆறு ஆண்டு இன்னும் ஆகவில்லை. அடுத்த வாரம் அவரை அதே வழக்கறிஞரிடம் கூட்டிப் போகிறேன்.