கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்

கோவை நஞ்சப்பா சாலையில், மத்திய சிறையை ஒட்டி ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்க் இருக்கிறது. இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைத்துறை நடத்துவது. பெட்ரோல் போடுபவர்கள் தண்டனைக் கைதிகள். “ஜீரோ பாத்துக்கோங்ணா” என்று சொல்லிவிட்டுத்தான் குழாயை எடுக்கிறார்கள். புழலில் பெண் கைதிகள் நடத்தும் பங்க்கும் 2023இல் வந்துவிட்டது.

கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லிவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. நஷ்டப்பட்ட குடும்பத்தைப் பற்றி யாராவது யோசித்தார்களே!

சரி, தீர்ப்பே வராதவர்கள்? நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களும் உண்டு. மனசு ஆறவில்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479ஆம் பிரிவை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத ஒருவர், தன்மீதுள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகும் குற்றங்களுக்குக் கிடையாது. ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தாலும் கிடையாது.

தெரிந்தவர் யாராவது அப்படி உள்ளே இருந்தால், இலவச சட்ட உதவிக்கு 15100க்கு போன் போடுங்கள்.