பெட்ரோல் இருந்தால் பக்கம்தான்

அக்கா மகளுக்குச் சரவாக்கில், போர்னியோ தீவிலிருக்கும் மலேசிய மாநிலத்தில், வேலை கிடைத்திருக்கிறது. கப்பிட் மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஈப்போ வீட்டில் எல்லோரும் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். “காட்டுக்குள்ள பொம்பளப் புள்ளைய அனுப்புறதாடா?” என்று அக்கா போன் போட்டு என்னைத் திட்டினாள். கல்வி அமைச்சு என் சட்டைப்பையிலா இருக்கிறது? அந்தப் பக்கத்துப் பாலே ஆற்றின் மேல்பகுதியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்கு இந்தப் பாட்டு. பாம்பு உண்டா, முதலை உண்டா, அங்கத்திய பழங்குடிகளான இபான்காரர்கள் தலையை வெட்டுவார்களாமே என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தலை வெட்டியதெல்லாம் அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்துக் கதை. அங்கே என்னைத் தூங்கவிடாமல் செய்தது பெட்ரோல் விலைதான்.

சிபு நகரத்திலிருந்து கப்பிட் வரை கவலையே கிடையாது. எக்ஸ்பிரஸ் படகு ஏசியில் நடுங்க வைத்து, ராஜாங் ஆற்றில் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். இப்போது சாலையும் வந்துவிட்டது. கப்பிட்டில் வங்கி, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் உண்டு. ஆற்றங்கரையில் 1880-ல் கட்டிய சில்வியா கோட்டை இருக்கிறது. அதன் சுவரில் எந்தெந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கப்பிட்டுக்குச் சற்று மேலே பாலே ஆறு வந்து சேர்கிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் ஒடுக்கமான நீண்ட மரப்படகுதான். பின்னால் எஞ்சின்காரர், முன்னால் கழியோடு ஒருவர். கல் எங்கே மறைந்திருக்கிறது என்று தண்ணீரின் சுழிப்பைப் பார்த்தே முன்னவர் கையைக் காட்டுவார். அவர் கொஞ்சம் அசந்தால் எஞ்சினின் விசிறி கல்லில் பட்டுப் போய்விடும். தண்ணீர் வற்றிய மாதங்களில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும், வாத்தியார் உட்பட. உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. “ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஒரு கேன் பெட்ரோல், இல்லாவிட்டால் இரண்டு” என்பார்கள். பம்பில் விற்கும் லிட்டர் விலை, படகேறி மேலே வருவதற்குள் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும்.

இந்தக் கணக்கு புரிந்தால் அந்த ஊரில் பாதி புரிந்துவிடும். சாப்பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. மலைச்சரிவில் விளைந்த நெல், ஆற்று மீன், மரவள்ளிக் கொழுந்து, மிடின் என்கிற சுருள் கீரை என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மிளகும் உண்டு. பழுத்த மிளகைச் சாக்கில் கட்டி ஓடையில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தோல் அழுகிக் கழன்றால் வெள்ளை மிளகு. அந்த நாற்றத்தைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். பக்கத்து அறை அம்மாவுக்கு நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். புளிக்குப் பதில் அவர்கள் தோட்டத்தில் காய்க்கிற உருண்டையான புளிப்புக் கத்தரிக்காயைப் போட்டேன். காய்ச்சலுக்கு நல்லது என்று அடுத்த வாரம் நாலு வீட்டில் ரசம் கொதித்தது.

ஆனால் அதே மிளகை விற்க வேண்டுமானால் கப்பிட்டில் தௌக்கே, அதாவது சீன வியாபாரி, கடைக்குத்தான் போக வேண்டும். விலை இறங்கிய வருஷத்தில், கொண்டுபோகிற பெட்ரோல் செலவுக்கே கட்டாது. சாக்குகள் பரணில் கிடக்கும். கையில் காசில்லை, ஆனால் தலைக்கு மேலே காசு அடுக்கியிருக்கிறது.

பிள்ளைகள் ஏழு வயதில் விடுதிக்கு வருவதற்கும் காரணம் இதுதான். தினமும் படகு விட யாரிடம் காசு இருக்கிறது? முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க இரவில் அழுவார்கள். ஒன்று ஆரம்பித்தால் வரிசையாக எல்லாக் கட்டிலும் அழும். வெள்ளிக்கிழமை மதியம் படித்துறையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் அப்பா என்று சொல்லிவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு யாரும் வர மாட்டார்கள். அப்பா மிரியிலோ ஜொகூரிலோ வேலையில் இருப்பார். வீட்டில் பாட்டி மட்டும். பாட்டிக்குப் படகில் யாராவது இடம் கொடுத்தால்தான் உண்டு.

ஒருமுறை விடுமுறைக்கு ஒரு மாணவனின் நீளவீட்டில் தங்கியிருந்தேன். 28 கதவு. அங்கே வீட்டின் அளவைக் கதவுக் கணக்கில்தான் சொல்வார்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவு. முன்பக்கம் எல்லோருக்கும் பொதுவான நீண்ட கூடம், அதற்கு ருவாய் என்று பெயர். அன்று மாலை அந்தப் பையனுக்குக் கொதிக்கிற காய்ச்சல்.

அந்தப் பகுதியில் காய்ச்சலைச் சும்மா விட முடியாது. குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா பரவலாக இருக்கிறது என்று 2004-ல் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் கண்டு சொன்னதே இந்தக் கப்பிட் பகுதி நோயாளிகளின் ரத்தத்தை வைத்துத்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் ஆபத்து குறைந்த வேறொரு மலேரியா மாதிரி தெரியுமாம். ஆனால் இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. ஒரு நாள் தாமதம் என்பது அங்கே பெரிய தாமதம். ஹெலிகாப்டரில் வரும் பறக்கும் மருத்துவர் சேவை 1973-லிருந்து இருக்கிறது. அவர்கள் வருவதற்கென்று ஒரு நாள் கணக்கு உண்டு, காய்ச்சல் அதைப் பார்த்து வருவதில்லையே.

துவாய் ரூமா, அதாவது நீளவீட்டுத் தலைவர், ஒரு காலிக் கேனை எடுத்துக்கொண்டு ருவாயில் கதவு கதவாக நடந்தார். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் பாட்டிலில் கொண்டுவந்தார், இன்னொருவர் தன் எஞ்சின் டாங்கிலிருந்தே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். கடைசிக் கதவுக்குப் போவதற்குள் கேன் நிறைந்துவிட்டது. இரவில் பாறைகளுக்கு நடுவே படகு விட முடியாது. வெளுத்தவுடன் கிளம்பினார்கள். பையன் பிழைத்துவிட்டான், மலேரியாதான். பெட்ரோலுக்கு நான் காசு நீட்டினேன். துவாய் ரூமா “நாடாய் ஙாவா, சிக்கு” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பரவாயில்லையாம், வாத்தியாரே.

அவர்தான் 2010 அக்டோபர் பற்றிச் சொல்வார். மேலே பக்குன் அணையில் நீர் தேக்கத் தொடங்கியதும் ராஜாங் ஆறு இறங்கிவிட்டது. அதே மாதம் பாலேயிலிருந்து மரக்கட்டைகள் அடித்து வந்து ராஜாங்கைக் கிலோமீட்டர் கணக்கில் மூடிக்கொண்டன. இப்போது பாலேயிலும் அணை கட்டுகிறார்கள். மின்சாரம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பல நீளவீடுகளில் விளக்கெரிவது இன்றைக்கும் 2016-ல் தொடங்கிய சூரியசக்தித் திட்டத்தால்தான். ஆற்றைக் கொடுக்கிறவர்களுக்கு அணையிலிருந்து கம்பி எப்போது வரும் என்று கேட்டால் அதிகாரிகள் வரைபடத்தை விரிக்கிறார்கள்.

சரி, மருமகளே, உனக்கு. கடுகும் பெருங்காயமும் உளுந்தும் ஈப்போவிலேயே கட்டிக்கொள். மிளகு வேண்டாம். துணிமணி நனையாத பையில் போகட்டும். ஜூன் 1 காவாய் அறுவடைத் திருநாளுக்கு அழைத்தால் மறுக்காமல் போ. துவாக் அரிசி மது கொடுப்பார்கள், உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் மரியாதைதான். டபாய் பழம் கிடைத்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உப்புத் தொட்டுச் சாப்பிடு, கொதிநீர் ஊற்றினால் கல்லாகிவிடும். படகில் இடம் கொடுத்தவரிடம் காசு நீட்டாதே, வாங்க மாட்டார்கள். கப்பிட்டிலேயே ஒரு கேன் பெட்ரோல் வாங்கிப் படகில் ஏற்றிவிடு. அப்புறம், ஆறு ஏறியிருக்கும் வாரத்தில் உன்னிடமிருந்து போன் வராது என்று உன் அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. நான் சொன்னால் கேட்க மாட்டாள்.