பவுடர் டெக்னாலஜி பேப்பர்: கோளாறிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

பவுடரைச் சேமித்துக் கையாள்வது பற்றிய இந்தத் தேர்வுப் பேப்பருக்குப் பலரும் ஹாப்பர் (அடிப்பக்கம் குறுகும் கொள்கலன்), ஸ்க்ரூ ஃபீடர் (திருகால் பவுடரைத் தள்ளும் கருவி), நியூமேட்டிக் கன்வேயிங் (காற்றோட்டத்தில் பவுடரைக் கடத்துவது) என்று கருவி வரிசையில் படிக்கிறார்கள். நான் கோளாறு வரிசையில் படித்தேன். கேள்வியும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது: "சைலோவிலிருந்து பவுடர் இறங்கவில்லை. காரணம் என்ன, என்ன செய்யலாம்?"

சைலோ என்பது உயரமான சேமிப்புக் கலம். இறங்காததில் இரண்டு வகை உண்டு. அடியில் இருக்கும் திறப்பான வாய்க்கு மேலே பவுடர் பாலம் கட்டி நின்றால் ஆர்ச்சிங். நடுவில் மட்டும் குழாய்போல் காலியாகி, சுற்றிலும் பழைய சரக்கு அசையாமல் கிடந்தால் ராட்ஹோலிங். இரண்டையும் குழப்பினால் தீர்வும் தப்பாகிவிடும். ஆர்ச்சிங் என்றால் முதலில் வாயின் அகலத்தைப் பாருங்கள். பவுடர் பாய்வு ஆய்வாளர் ஜெனிக்கே 1964-இல் தந்த முறையின் சாரம் சுலபம்: பாலத்தின் வலிமையைவிட அதன் சொந்த எடை ஜெயிக்கும் அளவுக்கு வாய் பெரிதாக இருக்க வேண்டும். கூம்பு ஹாப்பருக்குத் தோராயமாக, பவுடரின் வலிமையை இரண்டால் பெருக்கி, அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுக்க வேண்டும். வலிமை 1000 பாஸ்கல், அடர்த்தி 500 கிலோ/கன மீட்டர் என்றால் விட்டம் ஏறக்குறைய 0.41 மீட்டர். இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் தியரி தானாக நிற்கும்.

"வைப்ரேட்டர் போடலாம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். வாய் மூடியிருக்கும்போது அதிர்வு கொடுத்தால் பவுடர் இன்னும் இறுகும். இந்த ஒரு வரி சேர்ந்தாலே பதிலின் தரம் வேறு.

பாய்வைச் சட்டென்று எடைபோட ஹாஸ்னர் விகிதம் (தட்டிய பின் அடர்த்தி ÷ தட்டாத அடர்த்தி) போதும். தட்டாத அடர்த்தி 0.50, தட்டிய பின் 0.70 என்றால் விகிதம் 1.40. இது 1.25-க்குள் இருந்தால் பொதுவாக நன்றாகப் பாயும், 1.4-க்கு மேல் போனால் ஒட்டும் ரகம். ஆனால் ஹாப்பர் வடிவமைப்புக்கு இது போதாது, ஷியர் செல் சோதனை (அழுத்திய பவுடரைச் சறுக்கவைத்து வலிமையை அளப்பது) வேண்டும்.

சைலோவுக்குள் பவுடரின் அழுத்தத்தைக் கணக்கிடும் ஜான்சென் சமன்பாட்டை (1895) தருவிக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். சுவர் உராய்வு எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால், தண்ணீர்போல் ஆழத்தோடு அழுத்தம் ஏறிக்கொண்டே போகாமல் ஓர் அளவில் நின்றுவிடுகிறது. இதை எழுதிவிட்டுக் கணக்குக்குப் போங்கள்.

செக்ரிகேஷன், அதாவது துகள்கள் அளவுவாரியாகப் பிரிவது, சின்னப் பகுதிதான். குவியலில் நுண்துகள் நடுவில் தங்கும், பருத்தது ஓரத்துக்கு உருளும். பவுடர் முழுவதும் ஒன்றாக நகரும் மாஸ் ஃப்ளோ ஹாப்பரில் இரண்டும் இறங்கும்போது ஓரளவு மீண்டும் கலக்கும். கேக்கிங்குக்கு (பவுடர் கட்டிதட்டுவதற்கு) ஈரமும் வெப்பநிலை ஏற்ற இறக்கமும் காரணம் என்று தொடங்கினால் சரி.

தூசி வெடிப்பை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். எரிபொருள், ஆக்சிஜன், தீப்பொறி, காற்றில் பரவல், அடைப்பு என ஐந்தையும் எழுதிவிட்டு இரண்டாம் வெடிப்புக்கு வாருங்கள். முதல் வெடிப்பின் அதிர்வு உத்தரங்களில் படிந்த தூசியைக் கிளப்ப, அதுதான் பெரிதாக வெடிக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2008-இல் ஒரு சர்க்கரை ஆலையில் 14 பேர் இறந்த விபத்தை உதாரணமாகச் சொல்லலாம். தடுப்பு முறையில் "கம்ப்ரஸ்டு ஏர் அடித்துச் சுத்தம் செய்யலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது படிந்த தூசியை மேகமாக்கும். தூசிக்கென்றே தயாரான வாக்குவம் என்று எழுதுங்கள்.