‘சைன்’ குடும்பமும் வாய் திறக்காத ஜியும்

எழுத்தில் இருந்தும் உச்சரிப்பில் கேட்காத ‘சைலன்ட் லெட்டர்’ என்றாலே மனப்பாடம் செய்தாக வேண்டும் என்று நம் பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். சைனில் ஜி சைலன்ட், வெடிகுண்டைக் குறிக்கும் பாமில் கடைசி பி சைலன்ட் என்று நோட்டு நிறையப் பட்டியல். ஏன் என்று கேட்டால், “இங்கிலீஷ் அப்படித்தான் சார்.” எனக்கு அந்தப் பதில் பிடிப்பதே இல்லை. நாமக்கல்லில் என் வீட்டு மொட்டை மாடிக்கு மாலையில் படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லித்தர மாட்டேன். சொந்தபந்தத்தோடுதான் சொல்லித்தருவேன். அப்போதுதான் அந்த ஜி எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

சைன் என்பதை எழுதினால் எஸ், ஐ, ஜி, என். லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் அடையாளம், குறி. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சைன் என்று சொல்லும்போது ஜி கேட்காது. சிக்னல், சிக்னேச்சர் என்று சொல்லிப் பாருங்கள், கேட்கும். (தமிழில் ‘க்’ போட்டு எழுதுகிறோமே தவிர, ‘பங்கு’ என்பதில் வரும் கு மாதிரி மென்மையாகச் சொல்ல வேண்டும்.) சொல்லின் கடைசியில் ஜி, என் இரண்டும் ஒட்டி நின்றால் ஆங்கிலம் ஜியை விழுங்கிவிடும். பின்னால் ‘அல்’, ‘ஏஷன்’ மாதிரி லத்தீன் வழி விகுதி வந்தால், சிக்-னல் என்று இரண்டு எழுத்தும் பிரிந்து ஆளுக்கொரு அசைக்குப் போய்விடும். ஜிக்கு உயிர் வந்துவிடும்.

இதே கணக்குதான் டிசைன், டெசிக்னேஷன். வேலை விண்ணப்பத்தில் ‘டெசிக்னேஷன்’ என்ற கட்டத்தில் பதவியின் பெயரை எழுதுகிறோம். அதற்கும் சேலை டிசைனுக்கும் உறவு உண்டு என்றால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. டிசைன், இப்படி இருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது. டெசிக்னேஷன், இன்னார் இன்ன பொறுப்பில் என்று குறிப்பது. உச்சரிக்கும்போது டிசைனில் அழுத்தம் ‘சை’யில். டெசிக்னேஷனில் அது ‘னே’வுக்கு நகர்ந்துவிடும், ‘சை’ சுருங்கி ‘சி’ ஆகிவிடும். தமிழில் இப்படி அழுத்தம் இடம் மாறிப் பழக்கம் இல்லாததால் நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிவிடுகிறோம். இதை வாய்விட்டுச் சொல்லித்தான் பழக வேண்டும்.

சரி, டிசைனர், சைனிங்? இவற்றில் ஜி எழும்பாது. ‘அர்’, ‘இங்’ இரண்டும் ஆங்கிலத்தின் சொந்த விகுதிகள். முழுதாக நிற்கும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்பவை. உள்ளே இருப்பதை அவை அசைக்காது. ‘மென்ட்’ மெய்யொலியில் தொடங்குவதால் அசைன்மென்டிலும் ஜி பிரிய வழியில்லை. எங்கள் ஊர் லாரி புக்கிங் ஆபீஸ்களில், அனுப்பும் சரக்கைக் குறிக்கும் ‘கன்சைன்மென்ட்’ என்று நாள் முழுக்க ஒலிக்கும். யாரும் அங்கே ஜி சேர்ப்பதில்லை. விதி தெரியாமலே சரியாகச் சொல்கிறார்கள்!

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது ரிசைன். வேலையை விடுவது. இதில் வரும் எஸ் ‘சைன்’ என்பதில் வருவது போலச் சீறாது. கொசு ரீங்கரிப்பது போல அதிரும். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் ‘ரீ’யை நீட்டி, நடுவே சின்னக் கோடு போட்டு, எஸ்ஸைச் சீறவிட்டால் மறுபடி கையெழுத்திடுவது என்று ஆகிவிடும். ஒரு கால்பந்து வீரர் கிளப்பை விட்டுப் போகிறாரா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாரா என்பது அந்த ஓர் ஒலியில் இருக்கிறது. டிசைனிலும் அதே அதிரும் ஒலிதான். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட முடியாது, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மற்ற எழுத்துகளும் இப்படித்தான். பட்டறைகளில், கழித்துக்கட்டிய பஸ்ஸைக் ‘கண்டம் ஆன வண்டி’ என்பார்கள். அது ஆங்கிலக் ‘கண்டெம்’தான். அதன் கடைசி என் பேசாது; ‘கண்டெம்னேஷன்’ என்றதும் பேசிவிடும். பாம், பாமிங், பாமர் மூன்றிலும் இரண்டாவது பி கிடையாது. ‘பாம்பர்’ என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. குண்டுமழை பொழிவதைச் சொல்லும் ‘பாம்பார்ட்’ என்பதில் மட்டும் அந்த பி கேட்கும்.

ஆனால் எல்லா ஜியையும் இப்படி நம்பிவிடக் கூடாது. ஃபாரின் என்ற சொல்லில் இருக்கும் ஜிக்கு லத்தீனில் வேரே இல்லை. ஆட்சியைக் குறிக்கும் ‘ரெய்ன்’ போன்ற சொற்களின் ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் பின்னால் நுழைந்தது அது. ஃபாரினர் என்றாலும் சரி, வேறு எந்த விகுதி சேர்த்தாலும் சரி, அந்த ஜி பேசாது. இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லிவிடுகிறேன்.