பாறையா ஐஸா

கோத்தகிரில ஒரு சின்ன மேப்பிங் ஆபீஸ்ல கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். சாட்டிலைட் படத்துல கரையோரத்தை கோடு போட்டு வரையணும், அவ்ளோதான். நம்ம மலைய வரையச் சொல்லுவாங்கன்னு நினைச்சா, வந்ததெல்லாம் துருவக் கடல்ல ஆளே இல்லாத குட்டிக் குட்டிப் பாறைத் திட்டுங்க. வெளிய மிஸ்ட்டுல எதிர் கடை தெரியாது, உள்ள நாங்க ஸ்வெட்டரும் மப்ளருமா கிரீன்லாந்துக்கு வடக்க பாறை தேடிட்டு இருப்போம்.

வெள்ளைக்கு நடுவுல கறுப்பா ஒண்ணு தெரிஞ்சா பாறைன்னுதான் கை போகும். அங்கதான் சிக்கலே. ஊடாக்னு ஒரு திட்டு, 1978ல கண்டுபிடிச்சாங்க, உலகத்துலயே வடகோடி நிலம்னு ரொம்ப வருஷம் அதுக்குத்தான் பேரு. 2021ல ஒரு ஆராய்ச்சிக் குழு அதுலதான் இறங்குறோம்னு நினைச்சு வேற திட்டுல இறங்கி, அப்புறம் செக் பண்ணா அது இன்னும் வடக்க இருக்கு, உடனே புது ரெக்கார்டுன்னு நியூஸ். அடுத்த வருஷம் போய் அளந்தா ரெண்டுமே நிலம் இல்ல, கடலடில தட்டி நின்ன ஐஸ், மேல சரளையும் மண்ணும்! இப்போ பட்டம் காஃபெக்லூபன் தீவுக்கு, கோபன்ஹேகன் மியூசியம் ஒண்ணுல இருந்த காபி கிளப் பேர வச்சது. எங்க ஆபீஸ்ல டீயும் வர்க்கியும்தான், எங்க பேர்ல தீவு வர சான்ஸ் இல்ல.

வேற வேற தேதி படத்த வச்சுப் பாரு, நகர்ந்தா ஐஸுன்னு டீம் லீட் அண்ணன் சொல்லிக்கொடுத்தாரு.

"அண்ணா, இது எல்லாப் படத்துலயும் அங்கயேதான் நிக்குது."

"அப்போ பாறைன்னு போடு."

"ஊடாக்கும் அப்படித்தானே நின்னுச்சு?"

சிரிச்சாரு, பதில் வரல. சாஃப்ட்வேர்ல ரெண்டே ஆப்ஷன், நிலம் இல்லன்னா ஐஸ். சந்தேகம்னு மூணாவதா ஒண்ணு வேணும்னு நான் நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன்.

நிஜப் பாறையும் லேசுப்பட்டது இல்ல. ஐஸ்லாந்துக்கு வடக்க கொல்பெய்ன்சேன்னு ஒண்ணு, 1616ல அளந்தப்போ 700 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். அலையும் ஐஸும் அரிச்சு அரிச்சு இப்போ மிச்சம் கொஞ்சூண்டு பாறை. மேல ஹெலிகாப்டர் தளம் போட்டாங்க, 2006ல பார்த்தா அதுலயும் கிட்டத்தட்ட பாதி காணோம். இத்தனைக்கும் அந்தத் துண்டுப் பாறைய வச்சு மீன்பிடி எல்லைல டென்மார்க்குக்கும் ஐஸ்லாந்துக்கும் தகராறே நடந்துச்சு, 1997லதான் ஒப்பந்தம் போட்டு முடிச்சாங்க. அப்போ நாம போடற கோடு வெறும் கோடு இல்லையே?

கடைசில குறிப்பு எழுத ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் குடுத்தாங்க. "ஆழம் அளக்கணும், படம் மட்டும் பத்தாது"ன்னு நான் எழுதி வச்சதுதான் அதுல ஜாஸ்தி. பக்கத்து சீட்டுப் பையன் கிண்டல் பண்ணுவான். அப்புறம் கிளையன்ட் கிட்ட இருந்தே மெயில், எந்தத் திட்டுக்கு எந்தத் தேதிப் படம் பார்த்தீங்கன்னு கேட்டு. அன்னிலேர்ந்து ரிமார்க்ஸ் எல்லாருக்கும் கட்டாயம், அவனுக்கும் சேர்த்து.