கருங்கல்லிலே உளிவெட்டாக

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் மயிலாடியில் சிலை செய்கிறவர்கள்தான் அதிகம். என் வேலை கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுவது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, மணலைப் பீய்ச்சி எழுத்தைப் பதித்துவிடலாம். ஆனாலும் கையால் வெட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. ண, ன இரண்டும் பாடுபடுத்தும். சுழிக்குள் நிற்கும் துளிக் கல், உளி கொஞ்சம் சாய்ந்தால் தெறித்துவிடும். அதனால் ஒரு பைபிள் வசனம் முடிய நாளாகும். அத்தனை நேரமும் அந்த வசனத்தோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் கேட்பது யோவான் 11:25. ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்.’ சகோதரனை அடக்கம் செய்துவிட்டு நின்ற மார்த்தாளிடம் இயேசு சொன்னது. துக்க வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற நல்ல வார்த்தையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்குப் பச்சையாகவே எழுதுகிறார். அவர் எழுந்தார் என்று நம்பித்தான் நான் உளியைப் பிடிக்கிறேன். என் விசுவாசம் திடமாக இருக்கும் நாளும் உண்டு, தளர்ந்துபோகும் நாளும் உண்டு. வாக்குக் கொடுத்தவர் என் திடத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லையே.

பைபிளில் வரும் யோபுவை நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தவர், தன் வார்த்தைகள் கருங்கல்லிலே உளிவெட்டாகப் பதிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அடுத்து அவர் வாயில் வந்தது, என் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்பது. எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்!

2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் கணவனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கொழுந்தனோடு வந்தார். உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு கல் வேண்டும். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிக்கும் இடம் விட்டுக் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

“மறைவு போட வேண்டாம் அண்ணே, அது என்னைக்குன்னு தெரியாதுல்லா.”

அந்த இடம் காலியாக நிற்குமே என்றார் கொழுந்தன். வெளிப்படுத்தின விசேஷம் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கடல் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று வருகிற இடம். அந்த அம்மா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் ரிங்கல்தௌபேயைப் பற்றிச் சொன்னேன். 1806-ல் எங்கள் ஊருக்கு வந்து, சபை உண்டாக உழைத்த மிஷனரி. 1816-ல் உடம்புக்கு முடியாமல் இங்கிருந்து புறப்பட்டவர் கடைசியில் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. கல்லறையும் இல்லை. இத்தனை பேருக்கு உயிர்த்தெழுதலைச் சொன்னவருக்குக் கல் வெட்டுகிற பாக்கியம் இந்த ஊரில் யாருக்கும் கிடைக்கவில்லை.

“எங்க கிடந்தாலும் எழுப்புவாருல்லா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“எழுப்புவார்” என்றேன். எனக்கு அதில் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

கடல் ஒப்புவித்தது என்கிற அந்த வசனத்தையே மறைவுக்கு விட்ட இடத்தில் வெட்டுவது என்று முடிவானது. கொழுந்தன் கல்லின் அளவைக் கேட்டார். பேச்சு கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போனது.